கண்ணாடிக் குளத்துத் தண்ணீர்

ஓய்வு பெற்றவர்களுக்கான அந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த அன்றே எங்களுக்குள் சண்டை. அங்கே இரண்டு நீச்சல் குளங்கள். கூரைக்குக் கீழே, கண்ணாடிச் சுவர்களுக்குள், வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒன்று, திறந்தவெளியில் இன்னொன்று. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த என் மனைவி தினமும் தண்ணீரில் நடக்க வேண்டும். அவளுக்குக் கண்ணாடிக் குளம்தான் வேண்டுமாம்.

"வெயில்ல கறுத்துப் போயிடுவேங்க."

"இந்த வயசுல உன்னை யாரு பொண்ணு பார்க்க வரப்போறாங்க?"

நான் மறுத்த காரணம் வேறு. போன வாரம், 'பயில்வான்' என்று எல்லோரும் கூப்பிட்ட கிழவர், கண்ணாடிக் குளத்தில் தன் மனைவியை அமுக்கிக் கொன்றுவிட்டு, மாரடைப்பில் அங்கேயே செத்திருந்தார். பிறகு புதுத் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இதை அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. வம்பே வேண்டாம் என்று வெளிக்குளத்துக்கு அழைத்துப் போனேன்.

நல்ல உச்சி வெயில். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. குளத்தைப் பராமரிப்பவர் நீளக் கம்பு வலையால் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். இவள் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினாள்.

"ஏங்க, இந்த இடத்துல மட்டும் தண்ணி சூடா இருக்கு."

"வெயில்தான்."

"இல்லைங்க. அது என் பின்னாலயே வருது."

அவள் தலை தண்ணீருக்குள் போனது.

வழுக்கவில்லை. யாரோ அமுக்கினார்கள். அவளுடைய பின்னந்தலை முடி, ஒரு முஷ்டிக்குள் சிக்கியதுபோல் குவிந்து நின்றது.

முஷ்டி இல்லை.

குதித்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். தோள் மளுக்கென்று கழன்றது. அந்தப் பிடி விடவில்லை. அவள் நெற்றி குளத்துச் சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. தண்ணீர் சிவந்தது. வெறி பிடித்து உதைத்தேன். என் கால் ஒரு தடித்த தொடையில் பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் முன்கையில் பற்கள் இறங்கின.

பராமரிப்பவரும் கம்பை நீட்டிச் சேர்ந்து இழுத்தபிறகுதான் அவள் கரையேறினாள். அவர் தண்ணீரையே வெறித்துப் பார்த்து முணுமுணுத்தார்.

"வீணாக்க மனசு வரலை சார். நேத்துதான் பம்ப் வெச்சு இங்க ஏத்தினேன்."

"எதை?"

"பயில்வான் செத்துக் கிடந்த தண்ணியை."

அவரை அங்கேயே அடித்துக் கொன்றிருப்பேன். அவளுக்கு மூச்சு திரும்பியது; அதனால் அவர் பிழைத்தார்.

மாலைக்குள் குளத்தை வடித்துச் சாக்கடையில் விட்டார்கள். மருத்துவ அறையில் அவள் கண் திறந்தாள்.

"உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க," என்றாள்.

வெட்கமில்லாமல் அழுதேன். அவளை இழந்திருந்தால் நான் எதற்கு?

அவளுக்கு இருமல் வந்தது. கிண்ணத்தை ஏந்தினேன். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கை அளவு தண்ணீர் விழுந்தது. ரத்தம் கலந்திருக்கிறதா என்று குனிந்தேன்.

என் பிடரியில் ஒரு கனத்த கை விழுந்தது.

"விடும்மா, வலிக்குது."

அவளுடைய இரண்டு கைகளும் போர்வைமேல் கிடந்தன.

அந்தக் கை அமுக்கத் தொடங்கியது.