அம்மா தூங்கும் நேரத்தில் டிரம்

சூர்யகலா குச்சியை ஓங்கி டிரம்மில் ஒரே ஒரு அடிதான் அடித்தாள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த அவள் அம்மா தனகோடி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

அம்மா திட்டவில்லை. தலையை இரு கைகளாலும் பிடித்தபடி மறுபடி படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சூர்யகலாவுக்கு.

அம்மாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. விடியும் முன்பே உப்பு வாரப் போய்விடுவாள். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும், தலை வலிக்கும். சாயங்காலமே படுத்தால்தான் மறுநாள் எழ முடியும். வீடோ ஒற்றை அறை.

பள்ளி பேண்டில் சூர்யகலாவின் தாளம் மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. சவரிமுத்து சார் டிரம்மைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"வீட்ல பிராக்டிஸ் பண்ணு. திங்கக்கிழமையும் தப்புச்சுன்னா பிரபாகரன்கிட்ட கொடுத்துடுவேன். வெளியில வெச்சு அடிக்காத, உப்புக்காத்துல துரு புடிச்சிடும்."

டிரம் மேல் துண்டை விரித்து அடித்தாள். சேற்றில் அடிப்பது போல, குச்சி எழும்பவே இல்லை. தலையணையில் அடித்தாள். பஞ்சு பறந்துபோய் அம்மாவின் மூக்கில் உட்கார்ந்தது.

இனி என்ன செய்வது? டிரம்மைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். வீட்டின் பின்பக்கம் போய், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுவதற்குக்கூடச் சத்தம் போட முடியவில்லை.

அங்கே பிய்ந்துபோன மூங்கில் திரை ஒன்று சாய்ந்து கிடந்தது. அழுதபடியே அதிலிருந்து மெல்லிய குச்சிகளை உருவினாள். ஒரு கைப்பிடி சேர்ந்ததும், அங்கே கவிழ்ந்திருந்த பக்கெட்டில் கோபத்தோடு ஓங்கி அடித்தாள்.

'தப்' என்று மெதுவாகத்தான் கேட்டது. அவ்வளவுதான்.

சூர்யகலாவின் அழுகை நின்றது.

குச்சிகளை ஒரே நீளத்துக்கு ஒடித்து, இரண்டு கட்டாக்கி, சைக்கிள் டியூப் ரப்பரால் இரு முனையிலும் இறுக்கிக் கட்டினாள். உள்ளே வந்து டிரம்மில் மெதுவாகத் தட்டினாள். சத்தம் பெரிதாகவே வந்தது! அம்மா புரண்டு படுத்தாள். மறுபடியும் அழுகை முட்டியது.

நுனியில் இருந்த ரப்பரை மட்டும் கழற்றிப் பார்த்தாள். குச்சிகள் தனித்தனியாக அசைந்தன. இப்போது தட்டினால் 'சடசட' என்று சன்னமாக ஒலித்தது. குச்சியும் துள்ளி எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... தாளம் தப்பியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும். கை ஓய்ந்து நிறுத்தியபோது அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"நின்னுடுச்சா?"

"என்னம்மா?"

"மழை. நாளைக்கு உப்பு வாரப் போக வேணாம்னு நிம்மதியா தூங்கிட்டிருந்தேன்."

சூர்யகலாவுக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. "இன்னும் பெய்யுதும்மா" என்று சொல்லிவிட்டு மீண்டும் வாசித்தாள்.

திங்கட்கிழமை பள்ளியின் தடித்த குச்சிகளால் அடித்தபோது தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை.

சவரிமுத்து சாரால் நம்ப முடியவில்லை. "இவ்ளோ பிராக்டிஸ் பண்ணியிருக்கியே, வீட்ல யாரும் திட்டலியா?"

"இல்ல சார்" என்றாள் சூர்யகலா. "எங்கம்மா நல்லா தூங்குனாங்க."