அடிக்காமல் விட்ட அடி

"ஏன் அடிக்கல?"

கன்ட்ரோலரை மேஜை மேல் பொத்தென்று வைத்தாள் ஃபெபி. திரையில் அவளுடைய வெள்ளை முடி வாள்காரி வாளை உயர்த்தி நின்றாள். காலடியில் எதிராளியின் மல்லன் சுருண்டு கிடந்தான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவளுக்கோ கன்னம் இரண்டும் கொதித்தன.

சேரன்மகாதேவி பஸ்ஸைத் தவறவிட்டு, கொட்டுகிற மழைக்கு ஒதுங்கித்தான் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடியோ கேம் கடைக்குள் ஏறினாள். உள்ளே, அவள் ஒரு பாகம் விடாமல் பார்த்த ஜப்பான் அனிமே தொடரின் சண்டை கேம்! தோற்றவர் எழுந்து இடம் விட வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே ஆடலாம்... அதுதான் கடைச் சட்டம். வரிசையாக நாலு பேரை எழுப்பி விட்டாள். அடுத்து வந்து உட்கார்ந்தவன்தான் இந்த எபனேசர். ஈரம் சொட்டும் முடி... சிரிக்காமலே சிரிக்கிற கண்கள்... ஒரு நொடி எந்தப் பட்டன் எதற்கென்பதே அவளுக்கு மறந்துபோனது நிஜம்.

அந்தக் கண்களைத்தான் இப்போது குத்தலாம் போலிருந்தது.

"ஜெயிச்சிட்டியள்லா... பொறவு என்ன கோவம்?" என்றான் பைய.

"ஜெயிச்சேனா? என் உசிரு நூலு கணக்கா கெடந்துச்சு. ஒங்க நீலக்கோடு முழுசா நெறஞ்சு மின்னுச்சு. ஒரு பட்டன அமுக்கினா பெரிய அடி விழுந்து நான் காலி. நீங்க சும்மா இருந்திய!"

"கை வழுக்கிட்டு..."

"பொய் வேறயா?"

கடைக்காரர் சிவகணேஷ் அண்ணாச்சி சமாதானத்துக்கு வந்தார். "விடு தாயி. பொம்பளப் பிள்ளைன்னு எரக்கப்பட்டிருப்பான்."

இரக்கம்! எரிகிற அடுப்பில் எண்ணெய்.

அவளுக்கு மூன்று அண்ணன்கள். கேரம் ஆனாலும் செஸ் ஆனாலும் கடைக்குட்டிக்கு விட்டுக்கொடுத்து, அவள் துள்ளும்போது ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக் கொள்வார்கள். யாரும் இரக்கப்படாத ஒரே ஒரு ஜெயம் போதும் என்றுதான் முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் மோதி மோதிப் பழகினாள். இன்றைக்கு அது கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். இப்போது... முந்தின நாலு பேரும் விட்டுத்தான் கொடுத்தார்களோ?

"இன்னொரு ஆட்டம். உக்காருங்க."

"வேண்டாங்க."

"தோத்துருவோம்னு பயமா?"

"ஜெயிச்சிருவேனோன்னு பயம்." அவன் காது மடல் சிவந்தது. "நான் ஜெயிச்சா நீங்க எந்திரிச்சிப் போயிருவிய. மழையும் வெறிச்சு நிக்கப் போவுது. இன்னுங் கொஞ்ச நேரம் இங்கனயே இருக்கட்டுமேன்னு..."

கடையே 'ஓ'வென்று கூவியது. ஃபெபியின் நெஞ்சுக்குள் என்னவோ தடம் புரண்டது. ஆனாலும் கோபம் இறங்க மறுத்தது.

"அதச் சொல்லத்தான் வாய் இருக்குல்லா? என் ஆட்டத்துல எதுக்குக் கைய வச்சிய?"

அவன் சிரிப்பு அணைந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தான். "தப்புதான்" என்றான். உட்கார்ந்தான்.

இந்த முறை அவன் கண்கள் திரையை விட்டு நகரவில்லை. அவள் வாள் மல்லனை இரண்டு தடவை தூக்கி எறிந்தது. மல்லன் எழுந்தான்... வாள்காரியை மூலையில் மடக்கினான்... அவளும் விடவில்லை. இரண்டு பேருக்குமே உயிர் நூலாய் இளைத்தபோது அவன் நீலக்கோடு மின்னியது.

அடித்தான்.

திரை அதிர்ந்தது. வாள்காரி விழுந்தாள்.

யாரும் கண்ணடிக்கவில்லை. எபனேசரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. இத்தனை பாடுபட்டா தன்னை ஜெயித்தான்! தோற்றது வலித்தபோதே, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு நிமிர்ந்து நிற்கத் தோன்றியது.

எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"போறியளா?" அவன் குரல் கம்மியது. "என் மனசுல உள்ளதச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலயே..."

"நாளைக்கு வருவேன். எங்கூட ஆடணும். இதே மாதிரி அடிக்கணும்."

"அடிச்சா கோவம் வருமே?"

"வரும். நல்லா வரும்... வந்தா என்ன? அந்தக் கோவத்தோடதான் ஒங்களப் புடிச்சிருக்கு!"

வெடுக்கென்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பினாள். முகமெல்லாம் சிவப்பு.

"இனி ஒரு தடவ விட்டுக் குடுத்திய... தொலைச்சிருவேன்!"