பின்கதவில் தட்டியவன்

அன்று மதியம் பழுதுக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஸ்திரி, அவர் மனைவி, அவர்களுடைய மூத்த மகன் பெரியவன், பிறகு எல்லாரும் ஒட்டடை என்று கூப்பிடும் மெலிந்த வெல்டர். வாசலில் காவல்காரன் இருந்தான். அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. சங்கு ஊதினாலும் கண் திறக்காத ஆள்.

வண்டியைப் பெரியவன்தான் ஓட்டி வந்தான். நகரத்துத் தெருக்களில் படையாட்களை ஏற்றி இறக்கும் கவச வண்டி. எட்டுச் சக்கரம். முன்னால் ஓட்டுபவன் நுழைந்துகொள்ள ஒரு பொந்து. பின்னால் பத்துப் பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்காரும் இரும்பு அறை. இரண்டுக்கும் நடுவே கனத்த சுவர். பின்னறைக்குப் பின்கதவு ஒன்றுதான் வழி. கூரையில் ஒரு மூடி உண்டு. மாடியிலிருந்து யாரோ உருட்டிவிட்ட பாறாங்கல் விழுந்து, அது நெளிந்து இறுகிப் போயிருந்தது.

மேஸ்திரி வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது ராணுவ வண்டி. அவர் அப்பா ஓட்டினார், அவர் ஓட்டினார், பெரியவன் ஓட்டினான். சின்னவன் மட்டும் துப்பாக்கி தூக்கப் போனான். போன வாரம் இதே வண்டியின் பின்னறையில் சின்னவன் போனான், முன்னால் அண்ணன் ஓட்டினான். இருவரில் திரும்பி வந்தவன் அண்ணன் மட்டும்.

சின்னவன் சந்து முனையில் ஒற்றை ஆளாக நின்று, மற்றவர்கள் ஏறும்வரை, கல்லும் தீயும் எறிந்த கூட்டத்தைத் தடுத்தான், "நீ போண்ணா" என்று கையசைத்தான். பெரியவன் சொன்னது இதுதான். மேலிடமும் ஒப்புக்கொண்டது. இந்தப் பழுது முடிந்த மறுநாள் தளபதியே வந்து, வண்டியின் பக்கவாட்டில் சின்னவன் பெயரை எழுதித் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்காகவே அந்த வண்டியைத் தன் கையால் சீர்செய்ய வேண்டும் என்று மேஸ்திரி கேட்டு வாங்கியிருந்தார். பிள்ளை போனது போனதுதான், பெயராவது நிற்கட்டும் என்று அவர் நினைத்தார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் கண்ணில் பட்டது கைத்தடம்.

பின்கதவின் வெளிப்புறத்தில், கரி படிந்த உள்ளங்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேஸ்திரி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். போய்விட்டது. துணியை உதறிவிட்டுத் திரும்பினார்.

மறுபடி இருந்தது.

"என்னைப் பார்க்காதீங்க மேஸ்திரி," என்றான் ஒட்டடை. "நான் கை கழுவிட்டுத்தான் வந்தேன்."

"உனக்கு இவ்வளவு பெரிய கை இருந்தா நீ ஏன்டா ஒட்டடை? தூணாயிருப்பே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தத் தடத்தில் சுண்டுவிரல் சற்றே வெளியே வளைந்திருந்தது. சிறு வயதில் ஜாக்கி நழுவி நசுங்கிய சின்னவனின் விரல் அது. அதற்குக் கட்டுப் போட்டவர் அவர்தான்.

அவர் இரண்டாம் முறை துடைக்கவில்லை.

பெரியவன் கொட்டகைச் சுவரோரம் டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து வண்டியின் பின்பக்கம் அவன் வரவே இல்லை. அம்மா கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு அவன் காலடியில் திறக்காமல் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தொம். தொம்.

இந்த வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே பேசிக்கொள்ளும் ஒயர்க்கருவி பாதி நாள் ஊமையாகிவிடும். அதனால் கடைசியாக ஏறியவன் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, இரும்பில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவான். எல்லாரும் ஏறியாயிற்று, எடு என்று பொருள். ஓட்டுபவனுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. தட்டினால் எடுக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. மேஸ்திரி ஓட்டிய காலத்திலும் இதே சட்டம்தான்.

இப்போது பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை. வெளியே கதவின் முன்னால் மதிய வெயில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. அதில் நிழல்கூட இல்லை.

தொம். தொம்.

கதவு அதிர்ந்தது. கீல் முனகியது. கருகிய துணியின் நாற்றம் மெல்லப் பரவியது.

டயர்மேல் இருந்த பெரியவனின் வலது கால், ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் தரையை அழுத்தியது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கால் நிற்கவில்லை.

மேஸ்திரி அவன் பக்கத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"சொன்னேனேப்பா."

"தளபதிகிட்டச் சொன்னதை எனக்குச் சொல்லாதே."

 பெரியவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"உள்ள ஒரே புகை. யார் ஏறினான், யார் ஏறலைன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. எவனோ கதவைச் சாத்திட்டான். ரெண்டு தடவை தட்டுனது கேட்டுச்சு. எடுத்துட்டேன்."

"சரி."

"அது வெளியிலேருந்து தட்டுனதுப்பா. ஏத்திக்கச் சொல்லித் தட்டியிருக்கான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஓடுற வண்டியில எவன் மறுபடி தட்டுவான்? அவன் கூடவே ஓடி வந்தான். தட்டிக்கிட்டே வந்தான். பக்கக் கண்ணாடியில ஓரமா கை தெரிஞ்சுது." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நிறுத்தியிருக்கலாம். பயமா இருந்துச்சு. மிதிச்சுட்டேன்."

மேஸ்திரியின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் அழவில்லை. கதவருகே போய், அதிரும் இரும்பில் தன் கையை வைத்தாள்.

"என்னங்க, அவன் ஏறணும்கிறான். ஏத்திக்கோங்க."

மேஸ்திரி யோசித்தார். நாளைக்குத் தளபதி வருவார், படையாட்கள் வரிசையில் நிற்பார்கள், பாதி ஊர் வேடிக்கை பார்க்கும். அத்தனை பேர் முன்னால் இந்தக் கதவு தட்டினால், முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? மூன்று தலைமுறை மானம் ஒரே நாளில் கப்பலேறும்.

"நீ விட்டுட்டு வந்தே," என்றார் மகனிடம். "நீயே ஏத்து. உள்ள போய் உக்காந்து கூப்பிடு."

"வேணாம்பா."

"எந்திரி."

"அப்பா, அவன் என் மேல கோவமா இருக்கான்."

"இருப்பான். கூடப் பிறந்தவனாச்சே. போ."

பெரியவன் எழுந்தான். அப்பா சொல்லை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை. பின்னறையின் இருட்டுக்குள் குனிந்து நுழைந்து, பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். வெயிலிலிருந்து பார்க்க அவன் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன.

"வாடா தம்பி," என்றான். "ஏறிக்கோ."

தட்டல் நின்றது.

கொட்டகையில் எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு வண்டியின் பின்பக்கம் மெல்லக் கீழே அமுங்கியது. கனத்த ஆள் ஒருவன் படியில் கால் வைத்தால் ஸ்பிரிங் இறங்குமே, அப்படி. இரும்பு கிறீச்சிட்டது. பெரியவனின் முழங்கால்கள் உள்ளே இழுபட்டன.

கதவு மூடிக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் நகரும் ஒலி. நிதானமாக, அவசரமில்லாமல்.

தொம். தொம்.

"எல்லாரும் ஏறியாச்சு," என்றான் ஒட்டடை. அவன் உதடு வெளுத்திருந்தது. அவனுக்கு அது வேடிக்கையாக வாயில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று அவனுக்கே தெரியாது.

மேஸ்திரி மூச்சு விட்டார். முடிந்தது என்று நினைத்தார்.

தொம் தொம். தொம் தொம்.

"அப்பா."

அது பெரியவன் குரல். தடித்த இரும்புக்குள்ளிருந்து, கிணற்றிலிருந்து கூப்பிடுவதுபோல வந்தது.

"அப்பா, திறக்கச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான்."

ஒட்டடை ஓடிப்போய் கேஸ் கட்டரை இழுத்து வந்தான். குழாய் தரையில் புரண்டது. "கீலை வெட்டிடறேன் மேஸ்திரி. சீக்கிரம் முடிஞ்சிரும்."

"நில்லு."

"உள்ள ஆள் இருக்கு மேஸ்திரி."

"வெட்டுன கதவை நாளைக்கு எப்படிக் காட்டுறது? ஏன் வெட்டினேன்னு கேட்டா என்ன சொல்றது?"

ஒட்டடை கட்டரைப் பிடித்தபடியே நின்றான். தீ பற்ற வைக்கவில்லை. இருபது வருஷமாக அவர் சொல்லாமல் அவன் எதையும் வெட்டியதில்லை.

தட்டல் வேகமாகியது. உள்ளங்கை முட்டியாகியது. நடுநடுவே வேறொரு சத்தம், எலும்பு இரும்பில் படும் சத்தம். மேஸ்திரியின் மனைவி கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

"இருக்கிறது ஒருத்தன்தாங்க. அவனையாவது விடச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாச் சின்னவன் கேப்பான். உங்க பேச்சைத்தான் கேப்பான்."

அது உண்மை. மேஸ்திரிக்கும் தெரியும். "திறடா" என்று ஒரு வார்த்தை போதும்.

அவர் அவள் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினார்.

"சின்னவன் தட்டினப்ப இவன் நிறுத்தினானா?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பில் நிற்பதுபோல் முதுகை நிமிர்த்தி நின்றார். உள்ளே இரண்டு கையாகக் கேட்டது ஒரு கையாகியது. பிறகு விரல்கள் உரசும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

வெயில் சதுரம் நகர்ந்து சுவரில் ஏறிய பிறகு, தாழ்ப்பாள் தானாக விலகியது.

பெரியவன் பலகையில் நேராக உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. உள்ளங்கைகளில் தோல் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் பலகைமேல் போட்டிருந்த மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழுந்தது.

மூடிய வண்டிக்குள் வெப்பம் தாங்காமல் மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். தம்பியின் வண்டியைச் சீர்செய்யும்போதே அண்ணனும் உயிரை விட்டான் என்று தளபதி நெகிழ்ந்து பேசினார். வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர்கள் எழுதினார்கள். மேஸ்திரி சலாம் வைத்தார். அவர் மனைவி விழாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாய் திறந்ததும் இல்லை.

வண்டி இன்னும் ஓடுகிறது. அதில் போகும் படையாட்கள் யாரும் கடைசி ஆளாக ஏறச் சம்மதிப்பதில்லை. முண்டியடித்து உள்ளே பாய்கிறார்கள். ஏனென்றால் கடைசி ஆள் படியில் கால் வைக்கும் முன்பே, உள்ளிருந்து இரண்டு தட்டல் கேட்டுவிடுகிறது. புது டிரைவர்களுக்கு அதைக் கேட்டதும் கால் தானாக மிதிக்கிறது.

மேஸ்திரி பெற்ற பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினார் என்று பணிமனையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்ட முடியாது. அவர் திறக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.