காலி ஃபோர்க்கின் எடை

இருக்கை சூடாக இருந்தது.

சுகந்தா உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள். பேட்டரி குளிரைத் தாங்குகிறதா என்று பார்க்க, மைனஸ் இருபது டிகிரிக் குளிரறையில் இரவெல்லாம் நிறுத்தி வைத்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி. பக்கத்து இறால் பெட்டிகளின் மேல் விரல் கனத்துக்கு உறைபனி. இருக்கையில் மட்டும், யாரோ இப்போதுதான் இறங்கிப் போனதுபோல் ஆள் சூடு.

"என்ன அண்ணி, வண்டி கடிச்சிருச்சா?" கதவருகே நின்ற லோடர் பண்டரி சிரித்தான்.

"நீ வந்து உக்காந்து பாரு."

"இந்தக் குளிர்ல சூடு கெடைச்சா கும்பிட்டு உக்காரணும். குறை சொல்றீங்க!"

டீசல் ஃபோர்க்லிஃப்டின் புகை மூடிய அறையில் இரண்டு பேரை மயங்கி விழவைத்ததால், மும்பைக்கு அருகே பிவண்டியின் அந்தக் குளிர்கிடங்குக்கு இனி பேட்டரி வண்டிதான் என்று முதலாளி முடிவெடுத்திருந்தார். பார்வைக்கு வந்தவை இரண்டு. ஒன்று புதியது. இன்னொன்று இது, பாதி விலை. முன்பு எங்கே ஓடியது என்று சொல்லும் தகட்டை யாரோ சுரண்டியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்த ஓட்டுநர் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவார்கள். ஓட்டுநர் சுகந்தா.

டீசல் வண்டியாக இருந்தால் அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. இதில் பனியை நொறுக்கும் டயர்களின் நறநறப்பும், கூரையடியில் சுழலும் விசிறிகளின் முனகலும், அவளுடைய மூச்சும் தனித்தனியாகக் கேட்டன. உறைந்த இடத்தில் எதற்கும் வாசனை கிடையாது. இருந்தும் எங்கிருந்தோ வியர்வை நாற்றம் வந்தது.

வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் கரங்களான ஃபோர்க்கில் ஏறும் எடையைக் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தாள். 54 கிலோ.

ஃபோர்க் காலியாக இருந்தது.

பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினாள். மறுபடி 54. ஃபோர்க்கைத் தாங்கும் சங்கிலி மெல்ல இறுகிக் கிறீச்சிட்டது. 115.

வண்டியை வெளியே கொண்டுவந்து நடந்ததைச் சொன்னாள். படிவத்தோடு நின்ற மேனேஜர் மாத்ரே திரையை எட்டிப் பார்த்தார். பூஜ்யம்.

"குளிர்ல மீட்டர் உளறியிருக்கும். போடும்மா கையெழுத்த."

"மீட்டர் உளறும் சார். சங்கிலி உளறுமா? இறுகுற சத்தத்தக் கேட்டேன்."

"ஓஹோ, இன்ஜினியரம்மா! போடலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத. போட ஆளா இல்ல?"

"இந்த ஃபோர்க்குக்குக் கீழ நிக்கப் போறது பண்டரி. நீங்க இல்ல."

"அப்போ என் கண்ணுல காட்டு."

"காட்டுறேன். நகராம நில்லுங்க."

வண்டியைத் திருப்பினாள். குளிரறை வாசலின் பிளாஸ்டிக் திரை முதுகுக்குப் பின்னால் விழுந்தது. மாத்ரே அதை விலக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டார்.

நடுவில் நிறுத்தினாள். ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினாள்.

கிறீச். 54.

கிறீச். 115. ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஓர் ஆளின் எடை கூடியது.

176. 230. 297.

எதுவும் தெரியவில்லை. ஃபோர்க்குக்கு மேலே வெறும் குளிர்ப்புகை. அது விலகி விலகி வழிவிட்டது.

அவளுக்கு ஓடத் தோன்றியது. ஓடினால் நாளைக்கு வேறொருவன் கையெழுத்துப் போடுவான்.

"ஏறுங்க," என்றாள். குரல் உடைந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னாள். "எத்தன பேர் இருக்கீங்களோ எல்லாரும் ஏறுங்க, சார் பாக்கட்டும்! இந்த வண்டி முன்னாடி ஓடுன எடத்துல உங்கள யாரு என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க ஆளு ஒருத்தன்கூட உங்களோட வரமாட்டான்."

ஏறினார்கள்.

எழுநூறு. ஆயிரத்து நூறு. சங்கிலி அலறியது.

"சுகந்தா, எறங்கு! பாத்துட்டேன்!" வாசலில் மாத்ரே கத்தினார்.

"படிவத்தக் கிழிங்க!"

"எறங்கு முதல்ல!"

"கிழிங்க சார்!"

காகிதம் கிழியும் சத்தம். இரண்டாக. நான்காக.

ஆயிரத்து ஐந்நூறு. அந்த வண்டி தூக்கக்கூடிய எல்லை.

எண் நிற்கவில்லை.

இரண்டாயிரம்.

காலி ஃபோர்க்கின் நுனிகள் சிமெண்டுத் தரையை உடைத்து உள்ளே இறங்கின. பின்சக்கரங்கள் தரையை விட்டன. ஒரு சாண். ஒரு முழம். சுகந்தா ஸ்டியரிங்கை இறுகப் பற்றினாள். இருக்கை அவளோடு மேலே எழுந்து, அவள் முகத்தை, ஃபோர்க்கின் மேல் அவர்கள் ஏறி நின்ற வெறுமையை நோக்கிக் கவிழ்த்தது.