பதில் ஹாரன்

ஓடைப்பக்கமிருந்து நீளமாக ஒரு ஹாரன் எழுந்து, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே சுற்றிவிட்டு அடங்கியது. திருமலைச்சாமி ஜீப்பை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். கீழே வண்டி இருக்க வழியே இல்லை. பெருமாள்மலையில் ஒரு டிரைவர் வீட்டுக் கல்யாணம். ஸ்டாண்டில் நின்ற மற்ற ஜீப்புகள் எல்லாம் காலையிலேயே அங்கே போய்விட்டன. ராத்திரி பெய்த மழையில் செம்மண் பாதை புதிதாக மெழுகிய தரைபோல் கிடந்தது. அதில் ஒரு டயர்த் தடம்கூட இல்லை.

"கீழ ஆரன் அடிச்சது உங்களுக்குக் கேட்டுச்சாங்க?" என்று திரும்பிக் கேட்டான்.

"காதுல காத்துதான்ணே அடிக்குது," என்றார் பின்சீட்டிலிருந்த குமரகுரு. பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மனைவி சௌம்யாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக மலையேறி வந்திருந்தார்.

"ஈசி டிரெய்ல், கொழந்தைக கூட வரலாம்னு போர்டுல போட்டுருக்கீங்க. எனக்குக் கொடலே எடம் மாறிப் போச்சு," என்றாள் சௌம்யா.

"ஆடாம வரணும்னா நம்மூரு மலைக்கோயில் வின்ச்லயே ஏறி ஏறி எறங்கியிருக்கலாம்ல," என்றார் குமரகுரு.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த காளியாயி வாய்க்குள் சிரித்தாள். வடகவுஞ்சி விலக்கில் கைகாட்டி ஏறியவள். ஓடைக்கு அந்தப்பக்கம் அவளுக்குப் பூண்டுக்காடு இருந்தது. வேறு யாராவது கைகாட்டியிருந்தால் இடமில்லை என்று சொல்லிப் போயிருப்பான். காளியாயிக்கு அவனால் நிற்காமல் போக முடியாது. பக்கத்தில் உட்காரவைத்து அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாது. அவள் பொன்னுவேலின் மனைவி.

அந்தப் பாதையில் இரண்டு வண்டி விலகிக்கொள்ள இடம் கிடையாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அதனால் தோட்டத்து ஜீப்காரர்கள் வெகுநாளாக ஒரு முறை வைத்திருந்தார்கள். சுமையேற்றி மேலே வருகிற வண்டி ஓடையில் நின்று நீளமாக ஒரு ஹாரன் அடித்துக் கேட்கும். மேலே வண்டி இருந்தால் சின்னதாக இரண்டு ஹாரன் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் கீழ்வண்டி ஓடையிலேயே காத்திருக்கும். பதில் வராவிட்டால் பாதை காலி, ஏறி வரலாம் என்று பொருள்.

திருமலைச்சாமி இரண்டு முறை ஹாரனை அழுத்தினான். சத்தம் மஞ்சில் போய் முட்டி நின்றது. கீழே எதுவும் அசையவில்லை. இன்ஜினைக் கிளப்பி, கியரைப் போட்டு மெல்ல இறக்கினான்.

தை மாதத்தில் அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றிருந்தான். பின்சீட்டில் வேறு ஆட்கள். மஞ்சு ஏறி வருவதை ஒரு பெண் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து பொன்னுவேலின் ஹாரன் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் புகுந்து கெட்டுப்போன ஹாரன் அது. முடிகிற இடத்தில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் உடையும். பதில் சொல்லக் கை போனபோது அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்து, ஒரு நிமிஷம், சத்தம் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள். கையை எடுத்துவிட்டான். அப்புறம் அடிக்க மறந்துபோனான் என்றும் சொல்ல முடியாது. நினைவு இருந்தது. பொன்னுவேல் பூண்டுச் சுமையோடு உருட்டிக்கொண்டுதானே வருவான், அதற்குள் ஒத்தப்பாறை வளைவைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தான்.

ஒத்தப்பாறை வளைவில் எதிரும் புதிருமாக வந்தார்கள். பொன்னுவேல்தான் ஸ்டீயரிங்கை ஒடித்தான், பள்ளத்துப் பக்கம். வண்டியோடு அவனும் போனான்.

ஸ்டாண்டில் எல்லோரும் கூடிக் கேட்டபோது, "நான் பதில் ஆரன் குடுத்தேன், அவனுக்குக் கேக்கல," என்று சொல்லிவிட்டான். மாரியம்மன் கோயில் வாசலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் செய்தான். சுட்ட புண் இன்னும் ஆறவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அது காந்தும்.

"அண்ணே," என்றாள் காளியாயி, பாதையைப் பார்த்தபடி. "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு தாயி."

"எங்க வீட்டுக்காரருக்குக் காது மந்தம்னு ஊரே சொல்லுது. செவிட்டுப் பய வண்டி ஓட்டலாமான்னு என் காதுபடவே பேசுறாக. அடுப்படியில நான் மொனங்குறதுக்கு வாசல்ல இருந்து பதில் சொல்ற மனுசன்ணே அவரு. அன்னைக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு? நீங்க நல்லா அடிச்சுத்தான குடுத்தீங்க?"

இப்போது சொல்லிவிடலாம். "காத்து எதிரா அடிச்சிருக்கும் தாயி," என்றான்.

அவன் சொல்லி முடிக்கவும் ஹாரன் மறுபடி எழுந்தது. நீளமாக. பதில் வாங்கிய வண்டி இரண்டாவது தடவை கேட்காது. இது பதிலே வராததுபோல் கேட்டது. இந்த முறை முடிகிற இடத்தில் அந்த ஆட்டுக்குட்டிக் கத்தல் இருந்தது. பொன்னுவேலின் வண்டியைப் பள்ளத்திலிருந்து வடம் போட்டு இழுத்தவர்களில் திருமலைச்சாமியும் ஒருவன். வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையில் அது துண்டு துண்டாக அறுக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன்.

ஒத்தப்பாறை வளைவுக்கு வந்தபோது மஞ்சு பானெட்டை மூடிவிட்டது. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், ஈர இலைகளின் புளித்த வாடை, அதற்கும் அடியிலிருந்து மண்ணோடு பிடுங்கிய பச்சைப் பூண்டின் காரம். தை மாதத்துக்குப் பிறகு அவன் வண்டியில் பூண்டு ஏறியதே இல்லை. இன்ஜின் இருமிற்று. நின்றது.

சாவியைத் திருகினான். ஒன்றும் இல்லை.

ஹாரன்.

பாதையிலிருந்து இல்லை. இடதுபக்கம். பள்ளத்துக்குள்ளிருந்து.

காளியாயி நிமிர்ந்தாள். முகத்தில் பயம் இல்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்கு எட்டிப் பார்ப்பவள்போல் கழுத்தை நீட்டினாள்.

"இது எங்க வண்டி ஆரன்தான?"

பள்ளத்துப் பக்கம் கை காட்டினாள்.

"கேக்குறாரு. பதில் குடுங்கண்ணே."

கை ஹாரனுக்குப் போனது. பின்னாலிருந்து குமரகுரு அவன் தோளைப் பிடித்தார். "சத்தம் வேணாம்ணே," என்று கிசுகிசுத்தார். "யானையா இருக்கும். ஒரு நிமிஷம் பேசாம இருங்க." கண்ணாடியில் பார்த்தான். சௌம்யா உதட்டில் விரலை வைத்திருந்தாள்.

தோளை உதறிவிட்டு அழுத்தினான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அழுத்தினான். உள்ளங்கைப் புண் பிய்ந்தது. ஹாரன் பட்டன் ஈரமானது. சத்தம் இல்லை. கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தான். இருக்கேன்டா, மேல இருக்கேன், வராத. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

பதில் வராவிட்டால் பாதை காலி. ஏறி வரலாம்.

கீழே ஒரு இன்ஜின் உயிர்பிடித்தது. முதல் கியர். சுமை முனகியது. பாதையே இல்லாத பள்ளத்தில், சரளைகள் உருள, அது ஏறி வந்தது. மஞ்சுக்குள் முதலில் ஒரு மஞ்சள் வெளிச்சம். பிறகு இன்னொன்று, நசுங்கி, வானத்தைப் பார்த்தபடி. பூண்டு வாடை கண்ணை எரித்தது.

விளிம்புக்கு நேராக வந்து நின்றது. டயர்களுக்கு அடியில் மண் இல்லை.

இன்ஜின் அணைந்தது.

கண்ணாடி இல்லாத முன்பக்கத்தில் பொன்னுவேல் உட்கார்ந்திருந்தான். பூண்டு மூட்டைகள் முதுகை அழுத்தித் தலையை ஸ்டீயரிங்வரை சாய்த்திருந்தன. அந்தச் சாய்விலேயே முகத்தை மெல்லத் திருப்பி, காதை அவன் பக்கம் காட்டினான். விரல்கள் ஒடிந்த கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

திருமலைச்சாமியின் பக்கத்தில் காளியாயியும் திரும்பினாள். அவளும் கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.