முலுண்டில் திணறும் லாரி

1966, நவம்பர். காலை எட்டு மணி. பம்பாய், தாராவி.

நோய் வந்த லாரி பட்டறை வாசலில் நின்று, நோயே இல்லாதது போல உறுமிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஷாகுல் ஹமீது பானெட்டருகே காதை வைத்துக் கேட்டார். ஆறு சிலிண்டரும் வரிசை தப்பாமல் அடித்தன. ஃபில்டரை மாற்றியாயிற்று. டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தாயிற்று. டீசல் குழாயின் நட்டுகளை இறுக்கி, யார் தொட்டாலும் தெரியும்படி சிவப்புப் பெயின்டும் பூசியாயிற்று. ஆனாலும் தோல் கட்டு ஏற்றிப் புனேவுக்குக் கிளம்பினால், ஊர் எல்லையில் முலுண்ட் பக்கம் இன்ஜின் மிஸ்ஸிங் அடித்துத் திணறி நின்றுவிடுகிறது. பட்டறைக்கு வந்தால் பாடுகிறது.

"நோய் மிஷின்ல இல்ல பாய், இந்த டிரைவர் பய கையில" என்றார் லாரி முதலாளி பிரம்மநாயகம். வழக்கம்போல, வந்த உடனே இடுப்புச் சாவியால் டீசல் டாங்க்கைத் திறந்து, குச்சி விட்டு அளவு பார்த்து, பூட்டியும் முடித்திருந்தார். "மூடியப் பூட்டிட்டேன்லா? அதான் அடியில பைப்பக் கழத்தி டீசல விக்கான். அந்த வழியா காத்து ஏறி வண்டி திக்குது. இன்னைக்கும் முலுண்ட்ல நின்னா, அங்கனயே போலீஸ்ல ஒப்படைச்சிருவேன்."

"பிள்ளைகமேல சத்தியமா நான் தொடல பாய்" என்றான் டிரைவர் பிச்சையா.

ஷாகுல் ஹமீது அவனைத் தனியே அழைத்தார்.

"எப்பம்லாம் திக்குது?"

"டாங்க் நெறச்சுக் கெளம்புறப்ப. திரும்பி வாறப்ப ஒண்ணும் செய்யாது."

"நின்ன பொறவு?"

"அரை மணி சும்மா கெடந்தா தானா கெளம்பிரும்."

"அந்த அரை மணியிலதாம்வே யாவாரம்!" அங்கிருந்தே கத்தினார் பிரம்மநாயகம்.

"எப்பலேருந்து இப்படி?"

"தீவாளிக்குப் பொறவு."

ஷாகுல் ஹமீதுக்குத் தலை சுற்றியது. டீசல் குறைந்தால் இன்ஜின் திணறும், அது நியாயம். நிறைந்திருக்கும்போது திணறுவானேன்? வயிறு முட்டச் சாப்பிட்டவன் பசி மயக்கத்தில் விழுவது போல இருக்கிறதே!

வழியில் சயான் பெட்ரோல் பங்க்கில் டாங்க்கை நிரப்பினார்கள். பிரம்மநாயகமே பூட்டினார். மூவரும் ஏறிக்கொண்டார்கள்.

பத்து மணி. முலுண்ட்.

முதலில் ஓர் இருமல். பிறகு விக்கல். பிறகு லாரி ஓரமாகச் சாய்ந்து நின்றது. பிச்சையா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஷாகுல் ஹமீது அடியில் புகுந்து பார்த்தார். நட்டுகளில் பெயின்ட் கீறாமல் இருந்தது. குழாயில் கசிவில்லை. கைப் பம்பை அடித்தார், டீசல் ஏறவில்லை. மறுபடி அடித்தார். ஒரு சொட்டும் இல்லை. இனி எதைப் பார்ப்பது என்று தெரியாமல் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டீசல் வரலையா? எங்கன வரும்? வித்துட்டாம்லா!" என்றபடி பிரம்மநாயகம் சாவியைப் போட்டு மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்.

நீளமாக ஒரு சத்தம். உள்ளே விட்ட குச்சி ஏறக்குறைய முழுக்க நனைந்து வந்தது.

ஷாகுல் ஹமீது துள்ளி எழுந்து பம்பை அடித்தார். டீசல் பொங்கி ஏறியது. "பிச்சையா, ஸ்டார்ட் பண்ணு!"

ஆறு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தன.

"திருடன் அகப்பட்டுட்டான் அண்ணாச்சி" என்றார் ஷாகுல் ஹமீது.

"யாரு?"

"ஒங்க கையில இருக்கான். அந்த மூடிதான். எப்பம் செஞ்சிய?"

"தீவாளி சமயத்துல. தாராவி தகரப் பட்டறையில சொல்லி, பூட்டு வச்சு, ரப்பர் வச்சு... பழைய மூடியில என்னமோ ஓட்டை கெடந்துச்சு. இதுல அது வேண்டாம்னுட்டேன்."

"அந்த ஓட்டைதான் டாங்க்குக்கு மூக்கு. டீசல் வெளிய போன எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வராட்டா டாங்க் டீசல விடாது, உள்ளயே இழுத்துப் பிடிச்சுக்கும். நீங்க தொறந்ததும் உஸ்ஸுன்னு உள்ள பாஞ்சது அந்தக் காத்துதான். டாங்க் நெறஞ்சிருந்தா மேல இருக்கிற காத்து கொஞ்சம்தான். நாலஞ்சு லிட்டர் போனாலே மெலிஞ்சிரும். பாதி டாங்க்னா காத்து நெறைய. ரொம்ப தூரம் தாங்கும். அதான் வாறப்ப திக்கல. சும்மா நிறுத்திப்போட்டா ரப்பர் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா காத்து ஏறிருது."

"பட்டறையில ஏன் திக்கல?"

"நான் நாடி பிடிக்குமுன்ன நீங்கதான மூடியத் தொறக்கிய! தடயத்த அழிச்சதே நீங்கதான்."

பிரம்மநாயகம் மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஓட்டை போட்டா, அது வழியா உறிஞ்சிர மாட்டானா?"

"ஊசி நொழையிற ஓட்டையில அவன் உறிஞ்சி முடிக்கிறதுக்குள்ள, நம்ம ரெண்டு பேரும் கெழடாகி மௌத்தாயிருவோம்."

பிரம்மநாயகம் மூடியை நீட்டினார். பிச்சையாவின் முகத்தைப் பார்க்காமல், "ஏலே, என்ன பாத்துக்கிட்டிருக்க? புனேக்கு நேரமாகல?" என்றார்.

ஷாகுல் ஹமீது மூடியைக் கல்லின் மேல் வைத்து, மெல்லிய ஆணியால் நடுவில் ஒரு துளை அடித்தார். பிசிறைத் தேய்த்து, ஊதிப் பார்த்து, மூடியை மாட்டிப் பூட்டினார். இனி டீசல் இறங்க இறங்க அந்தத் துளை வழியே காற்று உள்ளே போகும்; இன்ஜின் திணறாது.