நறுக்கிய மூன்றாவது கால்

ஈரத்துணியால் ஆஸ்பத்திரி மோட்டார் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் துடைத்தபோது யாசிரிஸின் விரல் நுனியில் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. கையை உதறிவிட்டு மறுபடி தொட்டாள். மறுபடியும் சுருக்.

கட்டிலில் அனத்திக்கொண்டு கிடந்தவன் அவள் தம்பி லிசாந்த்ரோ. கழுத்து வழியே இதயத்துக்குள் இறங்கிய மெல்லிய வயர்தான் அதைத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தது. நிரந்தரமான பேஸ்மேக்கர் கருவி மெதெயின் நகரிலிருந்து வரவேண்டும். இந்த மழையில் விமானம் ஏது? பாட்டரிப் பெட்டியோடு இணையும் வயரின் வெளிமுனையில், மின்சாரம் தீண்டாதிருக்க, ரப்பர் கையுறையின் விரலொன்றை வெட்டி மாட்டியிருந்தார்கள். கைக்கு உறைக்காத மின்சாரம்கூட அந்த முனைக்குள் புகுந்தால் இதயத்தை நிறுத்திவிடும். நர்ஸான அவளுக்கு அது மனப்பாடம்.

வாசலில் நின்ற எலெக்ட்ரீஷியன் எல்கினிடம் கேட்டாள். "இந்தக் கட்டில் பிளக்குக்கு எர்த் இருக்கா?"

"சுவத்துல ரெண்டு ஓட்டைதானே அக்கா? மூணாவது காலை நறுக்கிட்டேன். நம்ம ஊர்ல எந்த பிளக் மூணு காலோட நடக்குது? கரன்ட் உங்களைக் கொஞ்சுது, விடுங்க."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே, போ!"

அத்ராத்தோ ஆற்றங்கரையில் பிளக்கை நொண்டியாக்குவது கைப்பழக்கம். பினாயில் நெடியும் ஊறிய சுவரின் பூஞ்சை வாடையும் மூக்கில் ஏற, தகரக் கூரையில் மழை கொட்ட, தலைக்கு மேலே மானிட்டர் சீராக டிக், டிக் என்று ஒலிக்க, பிளக்கைப் பிடுங்குவதற்காகக் கட்டிலுக்கடியில் இருட்டைத் தடவி ஊர்ந்தாள்.

ஈரச் செருப்புகள் வந்து நின்றன. தம்பியை வளர்த்த ஒதிலியா அத்தை.

"அடியேய், கீழ என்னடி பண்றே?"

"கட்டிலைத் தொடாதீங்க அத்தை! ஈரக் கையில கடிக்கும்!"

துணி உரசும் சத்தம். அத்தை கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடைச்சிட்டேன்டி. பாரு, கடிக்கலையே! நம்ம புனிதர் சான் பாச்சோ பதக்கத்தை இந்த வயர்ல கட்டிட்டுப் போறேன். ஏன்டி, என்ன இது, அழுக்கு ரப்பரு?"

யாசிரிஸ் பிளக்கை நோக்கிக் கையை எட்டி நீட்டினாள். ஈரக் கை என்று ஏன் சொன்னேன்? கட்டிலைத் தொடும் எந்தக் கையும் அந்த வயர் முனையைத் தொடக் கூடாதே.

"அத்தை, கையை எடுங்க!"

மழை இரைந்தது. ரப்பர் துண்டு தரையில் விழுந்தது.

பிளக் விரலில் பட்டது. வழுக்கியது.

டிக். டிக். டி...

பிடுங்கினாள். தலையை வெளியே நீட்டினாள்.

அத்தையின் ஒரு கை கட்டில் சட்டத்தில் ஊன்றியிருந்தது. மறு கை வயர் முனையில் பதக்கத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"கத்தாதேடி. புள்ள இவ்வளவு நேரம் அனத்திக்கிட்டே கெடந்தான்," என்றாள். "பதக்கம் பட்டதும் அடங்கிட்டான், பாரு."